லிஃப்ட்காரர் வீட்டு அட்டைகள்

நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவள் ஊர்வம்பு தேடிப் போக வேண்டியதில்லை, அதுவே காகிதமாக வந்து சேரும். யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் வீட்டுப் பையன் மூன்றாவது தடவையாக அதே பரீட்சைக்கு விண்ணப்பம் போடுகிறான், எந்தப் புருஷன் பெண்டாட்டி வக்கீல் வரைக்கும் போய்விட்டார்கள், எல்லாம் என் மிஷினில் குப்புறப் படுத்து எழுந்துதான் போகும். படிக்கக் கூடாது என்றுதான் நினைப்பேன். கண் கேட்காது. "உனக்கு மட்டும் வாய் இல்லேன்னா இந்நேரம் நாலு கடை வச்சிருப்ப" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கு வாயே கிடையாது. அவர் வைத்த கடை ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

லிஃப்ட்காரரைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் இப்படி வந்து சேர்ந்ததுதான். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பராமரிக்கிற வேலை அவருக்கு. மாதம் ஒரு தடவை ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கயிறு, பிரேக், கதவு, விளக்கு என்று முப்பது வரி, வரிக்கு வரி டிக் போட்டுக் கீழே கையெழுத்து. அந்தப் படிவத்தைக் கட்டுக் கட்டாக நகல் எடுக்க வருவார். ஒல்லியான ஆள், பேச்சு அதைவிட ஒல்லி. கையில் எப்போதும் கிரீஸ், அதனால் என் மேஜையைத் தொடவே மாட்டார், புறங்கையால் தாளைத் தள்ளுவார். அந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். மற்றவர்கள் பச்சக்கென்று ஐந்து விரலையும் மிஷின் கண்ணாடியில் பதித்துவிட்டுப் போவார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் படிவத்தோடு ஃபோனையும் நீட்டினார். அதில் வரிசையாகப் படங்கள். பல் தேய்க்கிற பிரஷ், குளியலறை, சாப்பாட்டுத் தட்டு, பை, ஷூ, பஸ்.

"இதெல்லாம் உள்ளங்கை அளவுக்குப் போட்டு லேமினேட் பண்ணித் தரணும்மா. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகக் கூடாது."

"என்னண்ணே, வீட்ட விக்கப் போறீங்களா? பஸ்ஸையும் சேத்துல்ல போட்டிருக்கீங்க."

அவர் சிரிக்கவில்லை. "பொண்ணுக்கு" என்றார். அப்புறம், யாரோ கேள்வி கேட்டு மிரட்டியதுபோல வேகவேகமாகச் சொன்னார். பெண்ணுக்கு ஐந்து வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. வாயால் சொன்னால் அவளுக்கு ஏறுவதில்லை, படமாகக் காட்டினால் புரிகிறது. அடுத்தது என்ன என்று தெரியாமல்தான் அவள் அப்படிக் கத்துகிறாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை என்னென்ன நடக்கும் என்று வரிசையாகப் படம் ஒட்டிவையுங்கள் என்று அவள் பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லியிருக்கிறார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் எடுத்திருந்த குளியலறைப் படம் இருட்டாக, சுவரெல்லாம் கறை தெரிய, பார்க்கவே கண்றாவியாக இருந்தது. குழந்தைக்கு இதையா கொடுப்பது என்று கம்ப்யூட்டரில் தேடி, தொட்டியில் வாத்து மிதக்கிற அழகான பொம்மைப் படம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் கடை திறக்கும்போது வாசலில் நின்றார்.

"அந்த பாத்ரூம் எங்க இருக்குன்னு வீடு பூரா தேடினாம்மா. ஒரு மணி நேரம். பீரோவக்கூட தொறந்து பாத்தா." அவர் குரலில் கோபமே இல்லை. "அழுக்கா இருந்தாலும் எங்க வீட்டுதே போட்டுக் குடுத்துடு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்குக் கற்றுக்கொண்டிருக்க வேண்டியவள் நான். கற்றுக்கொள்ளவில்லை.

நேரில் பார்க்காவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும் என்பதால், அட்டைகளைக் கொடுக்கிற சாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். லிஃப்ட்காரர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. மூச்சு வாங்க ஏறிப் போனால், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை, அதில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை. செருப்பில் வைத்துத் தைப்பார்களே, ஒட்டினால் பிடித்துக்கொண்டு இழுத்தால் சர்ரென்று பிரிகிறது, அந்தப் பட்டை. அதில் என் அட்டைகள் வரிசையாக நின்றன. பாப்பா வந்தாள். பதினேழு வயது ஆன பிறகும் எங்கள் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. மேலே இருந்த அட்டையை விரலால் தொட்டாள், போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்தாள், அட்டையைப் பிய்த்துக் கீழே இருந்த டப்பாவில் போட்டாள், அடுத்ததைத் தொட்டாள். அதிகாரி மாதிரி அப்படியொரு தோரணை. நான் என் பிள்ளைகளைப் பல் தேய்க்க வைக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவள். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அவர் மனைவி நல்ல பருமன், சிரித்தால் பாத்திரம் அதிரும். அந்த அக்காதான் எனக்குப் பூங்காக் கதையைச் சொன்னாள்.

"பலகையில பார்க்கு படத்த ஒட்டிட்டோம். அப்பப் பாத்து பேய் மழை. நான் சொன்னேன், எடுத்துடுங்க, நாளைக்குப் போகலாம்னு. இந்த மனுஷன் கேக்கவே இல்ல. ஒட்டியாச்சு, போய்த்தான் ஆகணுங்கறாரு. மூணு பேரும் குடை பிடிச்சுக்கிட்டு பார்க்கு பெஞ்சுல உக்காந்திருந்தோம். கல்யாணமான புதுசுலகூட நான் இவரோட அப்படி மழையில உக்காந்ததில்ல!"

லிஃப்ட்காரர் சங்கடமாகச் சிரித்தார். அப்புறம் என்னிடம் சொன்னார். "லிஃப்டு குழிக்குள்ள ஆள் எறங்கும்போது மேல மோட்டார் ரூம்ல ஒரு அட்டை மாட்டுவோம்மா. ஆள் உள்ள இருக்கு, சுவிட்சத் தொடாதேன்னு. வேலை முடிஞ்சு அத எடுக்க மறந்துட்டோம்னு வச்சுக்க, சும்மா ரெண்டு தடவ அது மாட்டியே கெடந்தா, மூணாவது தடவ எவனும் அத மதிக்க மாட்டான். அன்னிக்கு ஒருத்தன் சாவான். அட்டை ஒரு தடவகூடப் பொய் சொல்லக் கூடாது."

"அதுக்காக மழையிலயா?"

"நாங்க ரெண்டு பேரும் எத்தன நாளைக்கும்மா? எங்களுக்கப்புறம் எவன் ஒட்டினாலும் அவ அதப் பாத்து நடந்துக்குவா. பலகை இருந்தாப் போதும், அவளுக்கு நாங்க வேணாம்."

அவர் பேசி நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு அது. அந்த வீட்டில் பெண்ணுக்கென்று என்ன சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

வருஷங்கள் ஓடின. பஸ் மாறினால் புது அட்டை, பள்ளிக்கூடம் மாறினால் புது அட்டை. பாப்பா பெரியவளானபோது அக்கா தனியாக வந்து, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சில அட்டைகள் போட்டுக்கொண்டு போனாள். அவள் உடம்பு இளைக்க ஆரம்பித்ததைக் கவனித்தேன். "டயட்டா அக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். வயிற்றில் கட்டி. எட்டு மாதத்தில் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்து லிஃப்ட்காரர் கடைக்கு வந்தார், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு. தலை வாருகிற அட்டை ஒன்று வேண்டும் என்றார். "ஏண்ணே, பழசு கிழிஞ்சிடுச்சா?" என்று கேட்டேன். இல்லை என்றார். பழைய அட்டையை மேஜை மேல் வைத்தார். பாப்பாவின் பின்தலை, அவள் முடியில் சீப்பு, சீப்பைப் பிடித்த பருத்த கை. அக்காவின் கை.

"இந்தக் கை வர்ற வரைக்கும் சீப்பத் தொட விட மாட்டேங்கறாம்மா."

பாப்பாவை ஸ்டூலில் உட்கார வைத்தோம். அவர் பின்னால் நின்று, நகக்கண்ணெல்லாம் கிரீஸ் ஏறிய கையில் சீப்பைப் பிடித்து அவள் தலையில் வைத்தார். அவள் தோளைக் குலுக்கிக் குலுக்கித் தள்ளினாள். நான்தான் படம் எடுத்தேன். அதோடு சாப்பாடு பரிமாறுகிற அட்டை, ஷூ லேஸ் கட்டுகிற அட்டை, எல்லாவற்றிலும் அக்காவின் கையை எடுத்துவிட்டு அவர் கையைப் போட்டோம். பதினோரு அட்டை. அன்று சாயங்காலம் நான் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டேன். வீட்டுக்குப் போய் அழுதேன், என் வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டபோது எரிந்து விழுந்தேன்.

பாப்பா ஒரு மாதத்தில் புதுக் கைக்குப் பழகிவிட்டாள். பலகை சொன்னால் அவளுக்கு மறுபேச்சு இல்லை.

அடுத்த ஒன்றரை வருஷம் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்புறம் அவர் கொண்டுவருகிற படங்கள் மங்கலாக வர ஆரம்பித்தன. எல்லாமே ஆடியிருந்தன. பஸ்ஸுக்கு இரண்டு விளிம்பு, தட்டுக்கு மூன்று.

"அண்ணே, இந்த ஃபோனத் தூக்கிக் குப்பையில போடுங்க. படமா இது? பேய் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றேன்.

"ஃபோன் நல்லாத்தான் இருக்கு" என்றார். வலது கையை மேஜை மேல் வைத்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் என் மேஜையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன, அங்கே உருட்ட ஒன்றும் இல்லை.

நரம்பு நோய். மாத்திரை தள்ளிப்போடும், நிறுத்தாது. இரண்டு மூன்று வருஷத்தில் சட்டைப் பொத்தான் போடவே ஆள் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லிஃப்ட் குழியில் இறங்க வேண்டாம் என்று கம்பெனியும் சொல்லிவிட்டது. பாப்பாவுக்கு அப்போது பதினேழு. அவருக்கு அண்ணன் தம்பி கிடையாது, அக்கா வழிச் சொந்தக்காரர்கள் அவள் சாவுக்கு வந்து போனதோடு சரி.

பாப்பாவின் பள்ளிக்கூட டீச்சர்தான் அலைந்து திரிந்து ஒரு விடுதியில் இடம் பிடித்துக் கொடுத்தார். இந்த மாதிரிப் பெண்கள் பதினைந்து பேர் தங்கி, காகித உறை ஒட்டுகிற வேலை செய்து, ஆயுசுக்கும் இருக்கலாம். பதினெட்டு முடிந்தால் சேர்க்க மாட்டார்கள். ஒரே ஒரு கட்டில் காலியாக இருந்தது. பதினைந்து நாள் வைத்துப் பார்ப்பார்கள், ஒத்துவந்தால் அந்தக் கட்டில் அவளுக்கு, வராவிட்டால் பட்டியலில் அடுத்து நிற்கிற பெண்ணுக்கு.

அவர் விடுதிக்குப் போய்ப் படம் எடுத்து வந்தார், இடது கையால். வாசல் கேட், அறை, கட்டில், சாப்பாட்டு மேஜை, உறை ஒட்டுகிற கூடம், குளியலறை, விடுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மாவின் முகம். ஏழு அட்டை. கூடவே நாளுக்கு ஒன்றாகப் பதினாறு கட்டம் போட்ட ஒரு தாள், முதல் பதினைந்து கட்டத்திலும் கட்டில் படம், அவர் கூட்டிப்போக வருகிற பதினாறாவதில் அவர் முகம்.

"வீட்டுப் படம் எங்கண்ணே?"

"டீச்சர் வேணாம்னுட்டாங்க. எங்க போனாலும் கடைசி அட்டை வீடுதானே அவளுக்கு? அத ஒட்டினா அன்னிக்கே திரும்பி வரணும்னு அர்த்தம். இங்க அது இருக்கக் கூடாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படித்தவர்களுக்கு எல்லாம் கணக்குத்தான், மனசு என்று ஒன்று கிடையாது என்று தோன்றியது. தாயில்லாத பெண், வீட்டைப் படத்தில்கூடப் பார்க்கக் கூடாதாம். அவர் வீட்டுக் கதவின் படம் என் கம்ப்யூட்டரில் எப்போதும் இருக்கும். யாரும் கேட்காமலே அடித்தேன், வெட்டினேன், லேமினேட் செய்து மற்ற ஏழோடு உறையில் போட்டேன்.

அவர் எண்ணிப் பார்த்தார். "இது வேணாம்மா."

"இருக்கட்டுமே. ஒரு அட்டை என்ன பாரமா? ஒரு அவசரத்துக்கு உதவும்."

மற்ற ஏழையும் உறைக்குள் திருப்பிப் போட்டார். அதை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கிளம்புகிற நாளில் நானும் போனேன், பெட்டியை அவரால் தூக்க முடியாது என்பதால். விடுதி கேட்டுக்கு வந்ததும் பாப்பா உட்கார்ந்துவிட்டாள். மண் தரையில், காதைப் பொத்திக்கொண்டு. முழங்கையால் தலையை இடித்துக்கொண்டாள். விடுதி அம்மா பொறுமைசாலி, அதட்டவே இல்லை. நாங்கள் அட்டைகளை ஒட்டிக் கொண்டுவந்திருந்த சின்னப் பலகையை அவள் கண்ணுக்கு நேரே சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். பாப்பா அட்டைகளை மேலிருந்து கீழே பார்த்தாள். ஏழாவது அட்டைக்குக் கீழே வெறும் பட்டை. அந்த வெற்றிடத்தை விரலால் தடவினாள். மறுபடி தடவினாள். அப்புறம் எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போயிருந்தது. இந்தப் பெண் உள்ளே போகாவிட்டால் கட்டில் போய்விடும், கட்டில் போனால் அவருக்குப் பிறகு அவளுக்கு யாரும் இல்லை. நான் தலையாட்டினேன்.

வீட்டுப் படத்தை எட்டாவதாக ஒட்டினார்.

சத்தம் நின்றது. பாப்பா அந்தக் கதவைத் தொட்டுப் பார்த்தாள், எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள், பலகையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். தண்ணீரோடு வந்த விடுதி அம்மா, "அட, சமத்து!" என்றாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

பாப்பா அன்றைக்கு வேலை செய்த வேகத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அறை பார்த்தாள். விடுதி அம்மாவின் முகத்தை இரண்டு விநாடி பார்த்தாள். சாப்பிட்டாள். உறை ஒட்டினாள், கோணாமல், மற்ற பெண்களைவிட நன்றாகவே. குளித்தாள். ஒவ்வொன்றுக்கும் அட்டையை எடுத்து டப்பாவில் போட்டாள். கட்டிலில் பத்து எண்ணுகிற நேரம் நீட்டிப் படுத்தாள், எழுந்தாள், அதையும் போட்டாள். மணி நாலுகூட ஆகவில்லை. ஷூவை மாட்டினாள், பையைத் தோளில் போட்டாள், கடைசி அட்டையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சொன்னதையெல்லாம் செய்துவிட்ட நிம்மதி.

விடுதி அம்மா அட்டையைப் பார்த்தாள். "இத யாரு சார் ஒட்டினது?" என்றாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துத் தானே புரிந்துகொண்டாள். "சரி. இனிமே நிக்காதீங்க, கெளம்புங்க. நிக்க நிக்கக் கஷ்டம்."

லிஃப்ட்காரர் பாப்பா கையிலிருந்து அட்டையை வாங்கினார். வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெண்ணின் தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார். கத்துவாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கத்தவில்லை. அவர் பையைப் பார்த்தாள், வெறும் பலகையைப் பார்த்தாள், மறுபடி பையைப் பார்த்தாள். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

டாக்சியில் நான் வாய் ஓயாமல் பேசினேன். பழகிவிடுவாள், பிள்ளைகள் அப்படித்தான், தலைவாரும் கைக்குப் பழகவில்லையா என்று என்னென்னவோ. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். இறங்கும்போதுதான் பேசினார். "பன்னண்டு வருஷத்துல அட்டை பொய் சொன்னது இதாம்மா மொதத் தடவ."

நாலாம் நாள் விடுதியிலிருந்து ஃபோன் வந்தது. அட்டைகள் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாக வெளியே எறிந்துவிட்டாளாம். பொறுக்கிக்கொண்டு வந்து காட்டினால் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். அடுத்தது என்ன என்று அவளுக்குச் சொல்ல அவர்களிடம் வேறு வழி இல்லை. தட்டைக் கொண்டுவந்தால் பயம், குளியலறைக்குக் கூப்பிட்டால் பயம், விளக்கை அணைத்தால் பயம். பதினாறு கட்டத் தாளையும் கிழித்துவிட்டாள். அப்பா வருகிற நாள் அதில் உண்மையாகத்தான் இருந்தது, அவள்தான் அதைப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். விடுதி அம்மா ஃபோனில் அழுதாளாம். கட்டில் அடுத்த பெண்ணுக்குப் போனது.

நான் ஒரு மாதம் அவர் கண்ணில் படாமல் இருந்தேன். கடையில் உட்கார்ந்திருப்பவள் எப்படி ஒளிவது? அவர் வராததால் தப்பித்தேன், அவ்வளவுதான். இதற்கிடையில் அவர்கள் வீட்டுக்கு மேல்மாடிக்காரம்மாவிடம் கேட்டு, வீட்டில் இப்போது இருக்கிற பிரஷ், தட்டு, குளியலறை எல்லாம் புதிதாகப் படம் எடுத்து வரச் சொன்னேன். கறை தெரிந்தால் தெரியட்டும் என்று ஒன்றையும் மாற்றாமல் போட்டேன். அவர் வந்தால் கொடுக்க வேண்டும் என்று டிராயரில் வைத்திருந்தேன்.

போன வாரம் வந்தார், மருத்துவச் சீட்டுகளை நகல் எடுக்க. வேலையை விட்டுவிட்டாராம். பாப்பா கூட வந்திருந்தாள். அவருடைய வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவர் சீட்டுகளை இடது கையால்தான் எடுத்து வைத்தார். அவள் மெலிந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

நான் புது அட்டைகளை அவள் முன்னால் பரப்பினேன். "பாரு பாப்பா, எல்லாம் உங்க வீட்டுதுதான்." அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"அன்னிக்கு நான் அந்தப் படத்தக் குடுக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ குடுத்த. ஒட்டினது நாந்தானே" என்றார். "எடுத்து வைம்மா. வீட்லயும் பலகையப் பாக்கறதில்ல. நான் போனா வர்றா, நான் சாப்ட்டா சாப்டறா. நான் கக்கூஸ் போனாக்கூட வெளிய கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா."

நான் அட்டைகளை அள்ளி டிராயரில் போட்டேன். அவர் நகல்களை அடுக்க முயன்றார். அவள் பிடி விடவில்லை, தாள்கள் கீழே சிதறின. நான் குனிந்து பொறுக்கினேன்.

"இப்ப என்னய மட்டுந்தாம்மா நம்பறா" என்றார்.

பெற்ற அப்பா ஒருவர் இதைப் பயந்துபோய்ச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.